ஒருநாள் காலை ஜெபம் தவறினால் தேவன் தண்டிப்பாரா?

திருநெல்வேலி மாவட்டத்திலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். வயது 36. தனியார் மருத்துவமனையில் ஸ்டாஃப் நர்ஸ். காலை, மதியம், இரவு என்று ஷிப்ட் மாறி மாறி வரும். கணவர், பள்ளிக்குப் போகும் இரண்டு பிள்ளைகள், கூடவே மாமியார். ஒவ்வொரு ஜனவரியிலும் ‘ஓராண்டில் முழு வேதாகமம்’ அட்டவணையைத் தொடங்குகிறார்; லேவியராகமம் வந்ததும் நின்றுவிடுகிறது. இந்த ஆண்டும் அப்படித்தான்.

இரண்டு மாதம் முன்பு, காலை தியானம் செய்யாமல் டியூட்டிக்குப் போன ஒரு நாளில், ஒருவருக்குப் போடவேண்டிய ஆன்டிபயாடிக் ஊசியை அதே பெயருள்ள பக்கத்துப் படுக்கைக்காரருக்குப் போட்டுவிட்டார். நல்லவேளையாக யாருக்கும் பாதிப்பில்லை. ஆனால் ஜெபக்குழுவில் மூத்த அக்கா ஒருவர், ‘காலையில கர்த்தருக்கு நேரம் கொடுக்காட்டா இப்படித்தான் ஆகும்’ என்று சொன்னது நெஞ்சில் தைத்துவிட்டது. அன்றுமுதல் மூன்றரை மணிக்கு அலாரம். ஜெபத்தின் நடுவில் யாராவது கூப்பிட்டுவிட்டால் முதலிலிருந்து தொடங்குகிறார். நைட் டியூட்டி முடித்து வந்த காலையிலும் தூங்காமல் வேதத்தோடு உட்கார்கிறார். என்ன வாசித்தோம் என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை.

இன்னொரு சங்கதியும் இருக்கிறது. புத்தாண்டு ஆராதனையில் இவர் எடுத்த வாக்குத்தத்த அட்டையில் (அந்த ஆண்டுக்கென்று எடுக்கும் வசனச் சீட்டு) எரேமியா 29:11 வந்தது. சில வாரங்களில் ஒரு ஏஜெண்ட், அயர்லாந்தில் நர்ஸ் வேலை வாங்கித் தருவதாகச் சொல்லியிருக்கிறார். மூன்றரை லட்சம் முன்பணம். ஆங்கிலத் தேர்வு எதுவும் எழுத வேண்டாமாம். ஜெபித்துவிட்டுக் கண்ணை மூடி வேதத்தைத் திறந்தபோது ஆதியாகமம் 12:1 கண்ணில் பட்டது: ‘நீ உன் தேசத்தையும், உன் இனத்தையும், உன் தகப்பனுடைய வீட்டையும் விட்டுப் புறப்பட்டு...’ கணவருக்குச் சம்மதமில்லை. நகையை அடகு வைத்துப் பணம் கட்டலாமா, கணவர் தடுப்பது அவருடைய விசுவாசக் குறைவா என்று கேட்கிறார்.

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் இவற்றைத் தனித்தனிப் பிரச்சினைகளாக எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அடியில் ஒன்றுதான் தெரிகிறது. காலையில் வேதத்தைத் திறப்பது அன்றைய பாதுகாப்புக்குக் கட்டும் கட்டணமாகிவிட்டது. இக்கட்டு வந்தால் அதே வேதம் விடை சொல்லும் சீட்டாகிவிடுகிறது. இரண்டு இடத்திலும் நீங்கள் வசனத்தைத் தொடுகிறீர்களே தவிர, அது என்ன சொல்கிறது என்று கேட்க உங்களுக்கு நேரம் கிடைக்கவில்லை. இதற்கு உங்களை மட்டும் குறை சொல்ல மாட்டேன். நம் சபைகளில் பாதிப் பேர் இப்படித்தான் பழகியிருக்கிறோம்.

ஊசி மாறியது ஏன்?

அந்த அக்கா அன்போடுதான் சொல்லியிருப்பார். ஆனால் அவர் சொன்ன கணக்கை இயேசு ஏற்கவில்லை. பிறவிக் குருடனைப் பார்த்து ‘யார் செய்த பாவம்?’ என்று சீஷர்கள் கேட்டபோது, ‘அது இவன் செய்த பாவமுமல்ல, இவனைப் பெற்றவர்கள் செய்த பாவமுமல்ல’ என்றார் (யோவான் 9:3). சீலோவாமில் கோபுரம் விழுந்து செத்த பதினெட்டுப் பேரும் எருசலேமில் மற்றவர்களைவிடக் குற்றவாளிகளா என்று லூக்கா 13-ல் அவரே கேட்டு, இல்லை என்கிறார். சூரியன் தீயோர்மேலும் நல்லோர்மேலும் உதிக்கிறது என்றவரும் அவர்தான். காலையில் ஜெபித்துவிட்டு வந்த நர்ஸ்கள் தவறே செய்வதில்லை என்றால் அந்த அக்கா சொன்னது சரி. உங்கள் வார்டை ஒருமுறை சுற்றிப் பாருங்கள், அப்படியா இருக்கிறது?

ஊசி மாறியதற்கு வேறு காரணம் இருக்கிறது, அதை நீங்களே எழுதியும் இருக்கிறீர்கள்: அடுத்தடுத்த படுக்கையில் ஒரே பெயருள்ள இரண்டு பேர். பெயரை மட்டும் கூப்பிட்டு ‘ஆமா’ என்று பதில் வாங்கி மருந்து கொடுத்தால் இது யாருக்கும் நேரும். பெயரை நோயாளியே சொல்ல வேண்டும். கையிலுள்ள பட்டையில் உள்நோயாளி (ஐ.பி.) எண்ணைப் பார்த்து, அதை மருந்துச் சீட்டோடு ஒப்பிட வேண்டும். ஒரே பெயர்க்காரர்கள் இருந்தால் கேஸ் ஷீட்டின்மேல் எச்சரிக்கை ஒட்டி, முடிந்தால் படுக்கையையும் தள்ளி மாற்ற வேண்டும். இதெல்லாம் உங்களுக்குத் தெரியாததல்ல. நான் கேட்க விரும்புவது வேறு: நடந்ததை மேலே தெரிவித்தீர்களா? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரியும் இல்லை. தேவனிடம் பாவ அறிக்கை செய்தது சரி, நர்ஸிங் சூப்பரிண்டெண்டிடம் சம்பவ அறிக்கையும் போயாக வேண்டும். ஊசி மாறிப்போனவருக்கு அந்த மருந்து ஒவ்வாதது என்று நாளை தெரியவந்தால், அந்தப் பதிவுதான் அவரைக் காக்கும். உரியவர் அன்றைய டோஸைத் தவறவிட்டார் என்பதும் அவருடைய டாக்டருக்குத் தெரிய வேண்டும். இத்தனை நாள் கழித்துச் சொல்வது சங்கடம்தான், திட்டும் விழலாம். ஆனாலும் உண்மையாய் நடப்பது என்றால் உங்கள் விஷயத்தில் முதலில் இதுதான். மூன்றரை மணி அலாரம் பிறகு.

அந்த அலாரத்தை நிறுத்துங்கள். தூக்கம் கெட்ட கண்ணோடு மருந்து அளப்பதுதான் அடுத்த தவறுக்கு வழி. 1 இராஜாக்கள் 19-ல் சூரைச்செடியின் கீழே ‘போதும்’ என்று படுத்துவிட்ட எலியாவிடம் வந்த தூதன் ஜெபம் பண்ணச் சொல்லவில்லை. தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்தான், மறுபடி தூங்கவிட்டான், எழுப்பி மறுபடி சாப்பிடச் சொன்னான். நைட் டியூட்டி முடித்து வந்த காலையில் உங்களுக்கும் அதே வரிசைதான்: சாப்பாடு, தூக்கம், அதன்பிறகு வேதம்.

பாதியில் நின்ற ஜெபத்தை முதலிலிருந்து தொடங்காவிட்டால் ஏதோ கெடுதல் வரும் என்ற பயம் மட்டும் என்னைச் சற்று நிறுத்துகிறது. கிறிஸ்து இயேசுவுக்குட்பட்டவர்களுக்கு ஆக்கினைத்தீர்ப்பில்லை என்ற ரோமர் 8:1 உங்களுக்கு மனப்பாடமாகத் தெரிந்திருக்கும். தெரிந்தும் பயம் போகவில்லை, திரும்பத் திரும்பச் செய்துதான் மனம் ஆறுகிறது, இது வாரக்கணக்கில் நீடிக்கிறது என்றால் அது ஓ.சி.டி. எனப்படும் மன நோயின் அறிகுறியாக இருக்கக்கூடும். பக்தியின் உடையில் வருவதால் பலர் இதைக் கண்டுகொள்வதே இல்லை. மனநல மருத்துவரைப் பாருங்கள். முதலில் போனில் பேச வேண்டுமென்றால் அரசின் டெலி-மானஸ் எண் 14416, எந்த நேரமும் கூப்பிடலாம். மாத்திரை சாப்பிடுவது விசுவாசத்துக்கு எதிரானது என்று யாராவது சொன்னால், அவர் சர்க்கரைக்கு என்ன சாப்பிடுகிறார் என்று கேளுங்கள்.

லேவியராகமத்தில் நிற்கிற வண்டி

வேதாகமத்தில் 1,189 அதிகாரங்கள். 365 நாளில் முடிக்க நாளுக்கு மூன்றேகால் அதிகாரம். ஆதியாகமம் 50, யாத்திராகமம் 40, ஆக 90 அதிகாரம் கடக்க 28 நாள். அதாவது ஜனவரி கடைசி வாரத்தில், புத்தாண்டு வேகம் தணிந்து, ஆசரிப்புக் கூடாரத்தின் அளவுகளைப் படித்துக் களைத்த நேரத்தில், பலிகளின் சட்டம் வந்து நிற்கிறது. எல்லாருக்கும் அங்கே தடுக்குவது இதனால்தான். உங்கள் சோம்பல் என்று எண்ண வேண்டாம்.

அட்டவணையில் தேதி போட்டிருப்பது அடுத்த கோளாறு. நான்கு நாள் நைட் டியூட்டி வந்தால் பதிமூன்று அதிகாரம் பாக்கி. கடன் ஏறிவிட்டது என்று பயந்து ஒரே இரவில் பதிமூன்றையும் ஓட்டுகிறீர்கள், அடுத்த நாள் புத்தகத்தைத் தொடவே மனம் வருவதில்லை. ஆகவே தேதியில்லாத பட்டியல் வைத்துக்கொள்ளுங்கள். வாசித்ததில் ஒரு டிக். தவறிய நாளை ஈடுகட்டும் வேலையே வேண்டாம், விட்ட இடத்தில் தொடருங்கள். புதிய ஏற்பாட்டில் சரியாக 260 அதிகாரம். வாரத்துக்கு ஐந்து வீதம் 52 வாரத்தில் முடிந்துவிடும். இரண்டு நாள் விடுபட்டாலும் குடி முழுகாது.

லேவியராகமத்தை ஒதுக்கிவிடச் சொல்லவில்லை. அடுத்த ஆண்டு தனியாக எடுங்கள். முதல் ஏழு அதிகாரங்கள் ஐந்து வகைப் பலிகள் பற்றியவை. பாவநிவாரண நாள் பற்றிய 16-ஆம் அதிகாரத்தை எபிரெயர் 9, 10-ஓடு சேர்த்து வாசித்தால் ஏன் இவ்வளவு இரத்தம் என்பது விளங்கும். 13-ஆம் அதிகாரம் ஒரு நர்ஸுக்குச் சுவாரசியமாகவே இருக்கும்: தோலில் தடிப்பு, ஏழு நாள் தனிமை, மறுபரிசோதனை, தேவைப்பட்டால் இன்னும் ஏழு நாள். பழைய திருப்புதலின் (நாம் வழக்கமாக வாசிக்கும் பழைய மொழிபெயர்ப்பு) நடை கடினமாயிருந்தால் 1995-ல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம். அது கத்தோலிக்கர் வேதம் என்று மாமியார் முகம் சுளித்தால், கத்தோலிக்கரும் சீர்திருத்தச் சபையாரும் சேர்ந்து செய்தது என்று சொல்லுங்கள்.

ஷிப்டுக்கு ஏற்ற தியானம்

அதிகாலையில்தான் ஜெபிக்க வேண்டும் என்பதற்கு எல்லாரும் காட்டுவது மாற்கு 1:35. இருட்டோடே இயேசு எழுந்து வனாந்தரமான இடத்துக்குப் போய் ஜெபித்தார். உண்மைதான். ஆனால் மத்தேயு 14:23-ல் சாயங்காலமாகியும் அவர் மலையில் தனியே இருக்கிறார். லூக்கா 6:12-ல் இராமுழுவதும் ஜெபம். தனிமையை அவர் தேடினார், நேரம் அந்தந்த நாளின் வேலையைப் பொறுத்து மாறியது. சங்கீதம் 134 இராக்காலங்களில் கர்த்தருடைய ஆலயத்தில் நிற்கும் ஊழியக்காரருக்கென்றே பாடப்பட்டது. நைட் டியூட்டிக்காரர்களுக்கு அது பொருந்தும், மூன்றே வசனம்.

காலை ஷிப்ட் வாரத்தில், வீட்டுக்கு வந்து குளித்ததும், பிள்ளைகள் பள்ளியிலிருந்து திரும்புமுன் 20 நிமிடம். மதிய ஷிப்டில், பிள்ளைகளை அனுப்பிய பிறகு, சமையலைத் தொடுவதற்கு முன். நைட் ஷிப்டில், காலையில் ஒரு சங்கீதம் வாசித்துப் படுத்துவிடுங்கள். வாசிப்பு மதியம் எழுந்தபின். காலையில் புறப்படும்போது ‘ஆண்டவரே, இன்றைக்கு என் கையையும் நாவையும் காத்துக்கொள்ளும்’ என்று அரை நிமிடம் சொன்னால் அதுவும் ஜெபம்தான்.

அந்த 20 நிமிடத்தில் என்ன செய்வது? மாற்கிலிருந்து தொடங்குங்கள். 16 அதிகாரம், 678 வசனம். நாளுக்குப் பன்னிரண்டு வீதம் ஏறக்குறைய எட்டு வாரத்தில் முடியும். பகுதியை இரண்டு முறை வாசியுங்கள், ஒருமுறை வாய்விட்டு. பிறகு, யார் யாரிடம் என்ன செய்கிறார்கள், இதற்கு முன்னும் பின்னும் என்ன நடக்கிறது என்று பாருங்கள். ‘எனக்கு என்ன?’ என்ற கேள்வி கடைசியில்தான் வரவேண்டும். அதை முதலில் கேட்பதால்தான் எந்த வசனமும் நம் கவலைக்கேற்ற வடிவம் எடுத்துக்கொள்கிறது.

மாற்கு 1:29 முதல் 39 வரை எடுங்கள். ஓய்வுநாள். ஜெப ஆலயம் முடிந்து சீமோன் வீட்டுக்கு வருகிறார்கள். மாமி ஜுரமாய்க் கிடக்கிறாள். இயேசு கிட்டப்போய், கையைப் பிடித்துத் தூக்கிவிடுகிறார். ஒரு பிரசங்கமும் இல்லை. அவர் அங்கே என்ன பேசினார் என்றுகூட மாற்கு எழுதவில்லை. சூரியன் அஸ்தமித்ததும் ஊரே வாசலில் கூடுகிறது. பல வியாதிக்காரரைச் சொஸ்தமாக்குகிறார். நம் பாஷையில் சொன்னால் ஓ.பி. நிரம்பி வழிந்த நாள். மறுநாள் இருட்டோடே அவரைக் காணவில்லை. சீமோன் தேடிக் கண்டுபிடித்து, ‘உம்மை எல்லாரும் தேடுகிறார்கள்’ என்கிறான். திரும்பி வந்து மிச்சத்தையும் முடித்துவிட்டுப் போவார் என்றுதானே எதிர்பார்ப்போம்? அவரோ அடுத்த ஊர்களுக்குப் போவோம் என்கிறார். தேவை வாசலில் நிற்கும்போதே எழுந்து போகிறார். தன்னைத் தேடுகிற எல்லாருக்கும் பதில் சொல்லித் தீர வேண்டும் என்று நினைக்கிற உங்களுக்கு இதில் யோசிக்க நிறைய இருக்கிறது. நோட்டில் ஒரே ஒரு வரி எழுதுங்கள். பக்கம் பக்கமாக எழுதத் தொடங்கினால் இரண்டாம் வாரத்தில் நோட்டு காணாமல் போய்விடும். அந்த வரியையே ஜெபமாக்கி முடித்துவிடுங்கள். அன்றைக்கு மனதில் ஒன்றும் படவில்லை என்றால் ‘ஒன்றும் படவில்லை’ என்றே எழுதிவிட்டு எழுந்திருக்கலாம்.

வாக்குத்தத்த அட்டையும் அயர்லாந்தும்

எரேமியா 29:11 வெளிநாட்டு வேலைக்கு உத்தரவாதம் தரும் வசனமில்லை. எருசலேமிலிருந்து பாபிலோனுக்குச் சிறைபிடித்துக் கொண்டுபோகப்பட்ட ஜனங்களுக்கு எரேமியா அனுப்பிய கடிதத்தின் நடுவரி அது. முந்தைய அதிகாரத்தில் அனனியா என்ற தீர்க்கதரிசி, இரண்டே வருஷத்தில் எல்லாம் திரும்பிவிடும் என்று எல்லாரும் கேட்க விரும்பியதைச் சொல்கிறான். அது பொய் என்கிறார் எரேமியா. எழுபது வருஷம் ஆகும், அதுவரை அங்கேயே வீடு கட்டுங்கள், தோட்டம் நாட்டுங்கள், பிள்ளைகளுக்கு மணம் முடியுங்கள், சிறைப்பட்டுப் போன அந்தப் பட்டணத்தின் சமாதானத்துக்காகவே ஜெபியுங்கள். அதற்குப் பிறகுதான் ‘அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே’ என்ற வார்த்தை வருகிறது. அந்தக் கடிதத்தைப் படித்தவர்களில் பெரியவர்கள் பலர் திரும்பிப் போவதைக் காணாமலே இறந்திருப்பார்கள். வாக்கு அவர்களுக்கும் உண்மைதான், தலைமுறைகளைக் கடந்து. அட்டையைக் கிழித்துப் போட வேண்டாம். 28, 29 இரண்டு அதிகாரங்களையும் முழுதாக வாசித்துவிட்டு, அது அயர்லாந்தைச் சொல்கிறதா என்று நீங்களே பாருங்கள்.

கண்ணை மூடித் திறந்த ஆதியாகமம் 12:1? அதே புத்தகத்தில் கொஞ்சம் தள்ளித் திறந்திருந்தால் 26:2 வந்திருக்கும்: ‘நீ எகிப்துக்குப் போகாமல்’ என்று பஞ்ச காலத்தில் ஈசாக்குக்குக் கட்டளை. இன்னும் தள்ளினால் 46:3: எகிப்துக்குப் போகப் பயப்பட வேண்டாம் என்று யாக்கோபுக்கு. ஒரே நாடு, ஒரே குடும்பம், நேரெதிரான இரண்டு உத்தரவு. இரண்டும் அந்தந்த ஆளுக்கு, அந்தந்த நேரத்துக்குச் சொன்னவை. கட்டைவிரல் எந்தப் பக்கத்தில் விழுந்ததோ அதை வைத்து நகையை அடகு வைக்க முடியாது. அப்போஸ்தலர் சீட்டுப் போட்டார்களே என்று கேட்பீர்கள். போட்டார்கள், அப்போஸ்தலர் 1-ல், பரிசுத்த ஆவி அருளப்படுவதற்கு முன். 15-ஆம் அதிகாரத்தில் பெரிய சிக்கல் வந்தபோது சீட்டே இல்லை. கூடி உட்கார்ந்து, வாதாடி, சாட்சிகளைக் கேட்டு, வேதத்தை ஒப்பிட்டு முடிவெடுத்தார்கள்.

ஆகவே கணவர் தடுப்பதை விசுவாசக் குறைவு என்று முத்திரை குத்தாதீர்கள். அந்த 12:1 கட்டளையைப் பெற்ற ஆபிரகாமே மனைவி சாராயையும் கூட்டிக்கொண்டுதான் புறப்பட்டார். கோபுரம் கட்டுமுன் உட்கார்ந்து செலவைக் கணக்குப் பார்க்கச் சொன்னவர் இயேசு (லூக்கா 14:28), உங்கள் கணவர் செய்வது அதுதான். அவர் பயப்படுவது பணத்துக்கா, பிரிவுக்கா, பிள்ளைகளுக்கா என்று கேளுங்கள். ஒவ்வொன்றுக்கும் பதில் வேறு.

வெளிநாடு போவதே தவறு என்று நான் சொல்லவில்லை. இந்த ஏஜெண்ட் விஷயத்தில்தான் எனக்குச் சந்தேகம் பலமாக இருக்கிறது. அயர்லாந்தில் நர்ஸாக வேலை செய்ய அந்நாட்டு நர்ஸிங் வாரியத்தின் பதிவு வேண்டும். இந்தியாவில் படித்தவர்கள் அதற்கு ஓ.இ.டி. அல்லது ஐ.இ.எல்.டி.எஸ். போன்ற ஆங்கிலத் தேர்வின் மதிப்பெண்ணைக் காட்ட வேண்டும். தேர்வே வேண்டாம் என்கிறவர் உங்களை நர்ஸ் வேலைக்கு அனுப்பப் போவதில்லை, அல்லது எங்கும் அனுப்பப் போவதில்லை. வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுப்பவர் 1983-ஆம் ஆண்டு குடிபெயர்வுச் சட்டப்படி மத்திய அரசிடம் பதிவு பெற்றிருக்க வேண்டும். பதிவு எண்ணைக் கேட்டு வாங்கி, இ-மைக்ரேட் இணையதளத்தில் இருக்கிறதா, உரிமம் காலாவதியாகவில்லையா என்று பாருங்கள். விதிப்படி அவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் அதற்கான ஜி.எஸ்.டி.யும்தான், ரசீதோடு. மூன்றரை லட்சம் எங்கே, இது எங்கே? சென்னையில் தமிழக அரசின் ஓ.எம்.சி.எல். நிறுவனம் நர்ஸ்களை வெளிநாட்டு வேலைக்குத் தேர்ந்தெடுக்கிறது. அங்கே பெயரைப் பதிந்துவைத்துவிட்டு, ஆங்கிலத் தேர்வுக்குப் படிக்கத் தொடங்குங்கள். அதற்குள் கணவரோடும் உங்கள் சபைப் போதகரான சேகர குருவோடும் பேசப் போதுமான அவகாசம் கிடைக்கும். மாத முடிவுக்குள் பணம் கட்ட வேண்டும் என்று ஏஜெண்ட் நெருக்கினால், கட்டாமல் இருக்க அந்த அவசரமே போதுமான காரணம்.

மொபைலில் வாசிக்கலாமா என்று கடைசியில் கேட்டிருந்தீர்கள். தாராளமாக. டேட்டாவை அணைத்துவிட்டு வாசியுங்கள். இல்லாவிட்டால் மூன்றாவது வசனத்தில் வாட்ஸ்அப் வந்துவிடும். வார்டில் போன் எடுக்கக்கூடாதென்றால் கிதியோன் சங்கத்தார் கொடுக்கும் சின்னப் புதிய ஏற்பாடு கைப்பையில் இருக்கட்டும், டீ இடைவேளைக்கு அது போதும்.